காசோலைக்கும் லஞ்சத்துக்கும் நடுவே

அலெக்ஸ் கிப்னியின் 'கேசினோ ஜாக் அண்டு த யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஆஃப் மணி' என்ற ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "லாபி செய்வது அமெரிக்காவில் சட்டப்படி சரிதானே? அப்படியானால் அந்த ஆள் ஏன் ஜெயிலுக்குப் போனார்? அவர் போனார் என்றால் மற்றவர்கள் ஏன் போகவில்லை?" கேட்க வேண்டிய கேள்விதான். படம் இரண்டு மணி நேரம் ஓடியும் இதற்கு நேராக நின்று பதில் சொல்வதில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் பேசலாம்.

முதலில் படத்தைப் பற்றி. 2010இல் வந்தது. அதே ஆண்டில் கெவின் ஸ்பேசி நடித்து 'கேசினோ ஜாக்' என்று ஒரு கதைப்படமும் வந்தது. அது வேறு, இது வேறு. கிப்னி அதற்கு முன் என்ரான் நிறுவனத்தின் சரிவைப் படமாக்கியவர். ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவக் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு டாக்ஸி டிரைவரைப் பற்றிய படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்தின் மையத்தில் இருப்பவர் ஜாக் ஏப்ரமாஃப் என்ற வாஷிங்டன் லாபியிஸ்ட். படம் எடுத்த காலத்தில் அவர் சிறையில் இருந்தார். கிப்னி போய்ப் பார்த்துப் பேசினார். கேமராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் மையப் பாத்திரம் நேரில் வந்து பேசாத படம் இது. அவர் எழுதிய மின்னஞ்சல்கள் பேசுகின்றன. எனக்கு அதில் குறையில்லை. நேர்காணலில் மனிதர்கள் தங்களை நியாயப்படுத்திக்கொள்வார்கள். கூட்டாளிக்கு நள்ளிரவில் அடித்த மின்னஞ்சலில் அந்தக் கவனம் இருக்காது.

ஏப்ரமாஃப் எங்கிருந்தோ திடீரென முளைத்தவரல்லர். 1980களின் தொடக்கத்தில் குடியரசுக் கட்சியின் மாணவர் அமைப்புக்குத் தேசியத் தலைவர். அன்று அவரோடு இருந்த இருவர் பின்னாளில் பெரும்புள்ளிகள் ஆனார்கள்: வரி எதிர்ப்பு இயக்கம் நடத்திய குரோவர் நார்க்விஸ்ட், கிறிஸ்தவ வாக்குகளைத் திரட்டிய ரால்ஃப் ரீட். 1985இல் அங்கோலாவின் ஜம்பா என்ற காட்டு முகாமில், கம்யூனிச எதிர்ப்புக் கொரில்லாத் தலைவர்களை ஒன்றுகூட்டிய மாநாட்டை நடத்தியதில் ஏப்ரமாஃபுக்குப் பங்கு உண்டு. பிறகு 'ரெட் ஸ்கார்ப்பியன்' என்று ஒரு சண்டைப்படம் தயாரித்தார். 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பிடித்தது. பிரதிநிதிகள் சபையில் நாற்பது ஆண்டுகள் எதிர்க்கட்சியாகவே இருந்த கட்சி அது. புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர்களைத் தெரிந்தவர்கள் யார் என்று வாஷிங்டனின் சட்ட நிறுவனங்கள் தேடின. ஏப்ரமாஃபுக்கு எல்லாரையும் தெரியும். அந்தப் பழக்கம்தான் அவருடைய முதலீடு.

இப்போது கேள்விக்கு வருவோம். லாபி ஏன் சட்டப்படி சரி? அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே, அரசிடம் குறை சொல்லி முறையிடும் உரிமை மக்களுக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். கரும்பு விவசாயியும் முறையிடலாம், நர்சுகளின் சங்கமும் முறையிடலாம், மருந்து கம்பெனியும் முறையிடலாம். தானே போக முடியாதவர் தன் சார்பில் ஆள் அனுப்பலாம். அந்த ஆள்தான் லாபியிஸ்ட். 1995இல் வந்த சட்டத்தின்படி அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்காக, எதைப் பற்றி, எவ்வளவு பணத்துக்கு வேலை செய்கிறார் என்று கணக்குக் காட்ட வேண்டும். இதுவரை குற்றம் எதுவுமில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மசோதாவில் எந்தப் பிரிவு எந்தத் தொழிலை என்ன செய்யும் என்று ஒரு உறுப்பினருக்கும் அவருடைய நாலைந்து இளம் உதவியாளர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் வந்து விளக்குவது உதவிதான்.

சிக்கல், அதே ஆள் இன்னொரு வேலையும் செய்வதில் தொடங்குகிறது. பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஜெயித்து வந்த அன்றே அடுத்த தேர்தலுக்குப் பணம் திரட்ட ஆரம்பிக்க வேண்டும். அரசு அலுவலகத்திலிருந்து நன்கொடை கேட்டுப் பேசக் கூடாது என்பது சட்டம். ஆகவே உறுப்பினர்கள் பக்கத்துத் தெருவிலிருக்கும் கட்சிக் கட்டடத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்து, பட்டியலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போன் செய்கிறார்கள். இப்படி அல்லாடும் ஒருவரிடம், "உங்களுக்காக நான் ஒரு விருந்து வைக்கிறேன், என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் காசோலையோடு வருவார்கள்" என்று ஒரு லாபியிஸ்ட் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த விருந்து சட்டப்படி சரி. மறுநாள் அதே லாபியிஸ்ட் ஒரு மசோதாவைப் பற்றிப் பேச வருவதும் சரி. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னால் மட்டும் குற்றம். எனவே அந்த ஊரில் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். இந்தப் படத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்.

ஏப்ரமாஃப் பிடித்த பெரிய வாடிக்கையாளர்கள், அமெரிக்கப் பூர்வகுடிகள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பூர்வகுடிகளின் நிலம், கல்வி, மருத்துவம், பழைய உடன்படிக்கைகள் எல்லாமே மத்திய அரசின் கையில். 1988இல் அவர்கள் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி நடத்த வழிசெய்து ஒரு சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வறுமையில் கிடந்த சில குடிகளுக்குத் திடீரென்று வருமானம் வந்தது. பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருத்துவமனை கட்டினார்கள். ஆனால் வாஷிங்டனில் ஒரு வரி மாறினால் அத்தனையும் போய்விடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் ஏப்ரமாஃப் வியாபாரம் செய்தார். தன் கூட்டாளி மைக்கேல் ஸ்கேன்லனை அவர்களிடம் அனுப்பிவைத்தார். ஸ்கேன்லன், பிரதிநிதிகள் சபையின் செல்வாக்கு மிக்க தலைவர்களில் ஒருவரான டாம் டிலேயிடம் ஊடக உதவியாளராக இருந்தவர். பூர்வகுடிகள் ஸ்கேன்லனின் கம்பெனிக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தில் லாபத்தின் பாதி ரகசியமாக ஏப்ரமாஃபுக்குத் திரும்பி வந்தது. இருவருக்குமாக, கிடைத்த தொகை 8 கோடி டாலருக்கு மேல். லூசியானாவின் குஷாட்டா என்ற சின்னஞ்சிறு குடி மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. விளையாட்டு அரங்குகளில் ஏப்ரமாஃப் எடுத்து வைத்திருந்த, உறுப்பினர்களை உட்காரவைத்து உபசரித்த, தனி மாடங்களின் வாடகையும் இவர்கள் தலையில்தான் விழுந்தது.

டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவிலிருக்கும் டீவா குடியினருக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு 'ஸ்பீக்கிங் ராக்' என்று ஒரு சூதாட்ட விடுதி இருந்தது. டெக்சாஸ் அரசு அதை மூட வழக்குப் போட்டது. பக்கத்து மாநிலத்தில் விடுதி நடத்திய குஷாட்டாக்களுக்கு டெக்சாஸில் போட்டி வேண்டாம். அவர்கள் பணத்தில், ஏப்ரமாஃபும் ஸ்கேன்லனும் ரால்ஃப் ரீடைப் பிடித்தார்கள். ரீட், சூதாட்டம் பாவம் என்று நம்பும் பக்தியுள்ள கிறிஸ்தவர்களைத் திரட்டி, விடுதிகளை மூடச் சொல்லிக் குரல் எழுப்பவைத்தார். 2002 பிப்ரவரியில் ஸ்பீக்கிங் ராக் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அந்த நாட்களிலேயே ஏப்ரமாஃப் டீவாக்களிடம் போய், "உங்களுக்கு நடந்தது அநியாயம், திறந்து தருகிறேன், எனக்கு ஊதியமே வேண்டாம், ஸ்கேன்லனுக்கு மட்டும் கொடுங்கள்" என்ற பொருளில் பேசினார். வீட்டைப் பூட்டியவனே வாசலில் வந்து நின்று சாவி விற்ற கதை இது. டீவாக்கள் 42 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதில் ஏப்ரமாஃபின் பங்கும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

திறக்கும் திட்டம் என்ன தெரியுமா? அப்போது தேர்தல் சீர்திருத்தச் சட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பற்றிய சட்டம். அதற்குள் யார் கண்ணிலும் படாமல், டீவாக்களின் விடுதியைத் திறக்க இரண்டு வரி செருகிவிடுவது. அந்த மசோதாவைக் கையில் வைத்திருந்தவர் ஒஹாயோ உறுப்பினர் பாப் நே. அவருடைய தேர்தல் கணக்குகளுக்கு டீவாக்கள் நன்கொடை கொடுத்தார்கள். அந்தக் கோடையில் நே ஏப்ரமாஃபோடு ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆடப் போனார். செருகல் நடக்கவில்லை. செனட்டில் அதற்கு ஒப்புதலே கிடைக்கவில்லை. பணம் தீர்ந்துபோன டீவாக்களிடம் கடைசியாக ஏப்ரமாஃப் வைத்த யோசனை இது: குடியின் மூத்தவர்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கலாம், அவர்கள் இறந்தால் வரும் தொகை ஏப்ரமாஃப் நடத்திய ஒரு பள்ளிக்குப் போகும், அதிலிருந்து அவருடைய கட்டணம். டீவாக்கள் மறுத்துவிட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தங்கள் பாட்டன் பாட்டியின் சாவைக் கட்டணமாகக் கேட்டவரை எதிரில் உட்காரவைத்து, அவர்கள் மரியாதையாகப் பேசி அனுப்பியிருக்கிறார்கள். அதே காலத்தில் இந்த வாடிக்கையாளர்களைப் பற்றி அவர் தன் மின்னஞ்சல்களில் எழுதியவை மடையர்கள், குரங்குகள் என்ற வகைச் சொற்கள். படத்தில் அவை வாசிக்கப்படும்போது கவனித்துக் கேளுங்கள். டீவாக்களின் வழக்கு வேறொரு வழியில், பல ஆண்டுகள் நடந்தது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இருபது ஆண்டுகள் கழித்து, லாபியிஸ்ட் இல்லாமல், வக்கீல் வைத்து ஜெயித்தார்கள்.

பணம் எப்படிச் சுற்றி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சூதாட்டத்தை எதிர்க்கும் கிறிஸ்தவர்களுக்குச் சூதாட்டப் பணம் நேராகப் போனால் குட்டு உடைந்துவிடும். ஆகவே ஏப்ரமாஃபின் இன்னொரு வாடிக்கையாளரான மிசிசிப்பியின் சாக்டா குடியினர் கொடுத்த பணம், நார்க்விஸ்டின் வரி எதிர்ப்பு அமைப்பு போன்ற இடங்களில் இறங்கி ஏறி ரீடிடம் போய்ச் சேர்ந்தது. டெலவேர் மாநிலத்தின் ரெஹோபத் கடற்கரையில் 'அமெரிக்கன் இன்டர்நேஷனல் சென்டர்' என்று ஓர் ஆய்வு மையம் இருந்தது. சர்வதேச விவகாரங்களை ஆராயும் மையம் என்று பெயர். நிர்வாகிகளாக இருந்தவர்களில் ஒருவர் கடற்கரையில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தவர், இன்னொருவர் யோகா ஆசிரியர். மலேசியா தொடர்பான பணமும் இந்த மையத்தின் வழியாகத்தான் போனது. 2002இல் மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் முகமது வாஷிங்டன் சென்று அதிபர் புஷ்ஷைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்ததற்காக 12 லட்சம் டாலர் ஏப்ரமாஃபுக்குப் போன செய்தி 2006இல் பெரிதாக வெடித்தது. பணம் கொடுக்கப்பட்டது தனக்குத் தெரியும், ஆனால் அது மலேசிய அரசின் பணம் இல்லை என்று மகாதீர் சொன்னார்.

அடுத்தது சைபான். என் பார்வையில் படத்தின் உயிர் இந்தப் பகுதிதான். பசிபிக் கடலில், வட மரியானா தீவுகளில் பெரியது சைபான். அமெரிக்கக் கொடி பறக்கும் மண். ஆனால் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் அங்கே செல்லாது என்று விலக்கு இருந்தது. அமெரிக்காவில் மணிக்கு 5.15 டாலர் என்றிருந்தபோது அங்கே 3.05 டாலர். அந்த விலக்கைப் பயன்படுத்தி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. சீனா, பிலிப்பைன்ஸ், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்கவே ஆண்டுக்கணக்கில் தைத்தார்கள். அமெரிக்கா என்று சொல்லி அழைத்து வந்தார்களே, இது எந்த அமெரிக்கா என்று புரியாமல் நின்றவர்கள் உண்டு. அவர்கள் தைத்த சட்டையில் 'அமெரிக்காவில் தயாரானது' என்ற துணுக்கை வைத்துத் தைக்கலாம். சுங்கவரி கிடையாது, கோட்டா கிடையாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளிடம் நிலத்தை அடகு வைத்துப் போனவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கடனைப் பற்றிப் பேசும்போது நமக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது.

இந்த விலக்கு நீங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் தீவு அரசு ஏப்ரமாஃபை வைத்திருந்தது. அவர் உறுப்பினர்களையும் உதவியாளர்களையும் கூட்டம் கூட்டமாகத் தீவுக்கு அழைத்துப் போனார். கடற்கரை, கோல்ஃப், நல்ல ஹோட்டல். 1997 முடியும் நாட்களில் டாம் டிலே குடும்பத்தோடு அங்கே போனார். தொழிற்சாலை முதலாளிகள் நடுவில் நின்று அவர்களைப் புகழ்ந்து பேசியது படத்தில் இருக்கிறது. முதலாளியத்துக்கு இது ஒரு நல்ல சோதனைக்கூடம் என்ற பொருளிலும் அவர் பேசியதுண்டு. ஜார்ஜ் மில்லர் போன்ற சில உறுப்பினர்கள் ஆண்டுதோறும் சட்டத்தை மாற்ற முயன்றார்கள். 2000இல் செனட் ஒருமனதாகவே ஒரு மசோதாவை நிறைவேற்றியது. யோசித்துப் பாருங்கள், இரு கட்சியும் சேர்ந்து, ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. கூலி உயர்வு வந்தது 2007இல், அவையின் பெரும்பான்மை மாறிய பிறகு. அதற்குள் உலக ஆடை வர்த்தகத்தில் கோட்டா முறையே முடிந்துவிட்டதால் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடி, 2009இல் கடைசியும் போனது.

சைபானுக்காக டிலே மீது வழக்கு இல்லை. ஏப்ரமாஃபுக்கும் சைபானுக்காக ஒரு நாள்கூடத் தண்டனை இல்லை. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான பெண்களின் கூலியில் கைவைத்த அந்த வேலை, அதன் பெரும்பகுதி, சட்டத்துக்கு உட்பட்டது. பயணம் 'நேரில் கண்டறியும் சுற்றுலா', நன்கொடை 'தேர்தல் பங்களிப்பு', மசோதாவை எடுக்காமல் விட்டது 'அவைத் தலைமையின் முடிவு'. எந்த இடத்தில் கைவிலங்கு மாட்டுவீர்கள்?

அப்படியானால் ஏன் ஜெயில் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 2006 ஜனவரி 3ஆம் தேதி வாஷிங்டனில் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்கள்: சதி, நேர்மையான சேவையை மக்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் மறுத்த மோசடி, வரி ஏய்ப்பு. ரகசியக் கமிஷன் வாங்கித் தன் வாடிக்கையாளர்களையே ஏமாற்றியதும், அதற்கு வரி கட்டாததும், பாப் நேயை விருந்து பயணம் என்று கவனித்ததும் இதில் அடங்கும். மறுநாள் மியாமியில் இன்னொரு வழக்கு. 2000இல் ஃபுளோரிடாவில் 'சன்குரூஸ்' என்ற சூதாட்டக் கப்பல் கம்பெனியை 14 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்க, தாங்கள் 2 கோடியே 30 லட்சம் போட்டதாகப் போலி ஆவணம் காட்டிக் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றியது. அந்த வாங்கல் நடந்தபோது பாப் நே, நாடாளுமன்றக் குறிப்பேட்டிலேயே, கப்பலின் பழைய உரிமையாளரைக் குறைசொல்லி ஓர் அறிக்கையைச் சேர்த்தார். ஒஹாயோவிலிருந்து வந்த உறுப்பினருக்கு ஃபுளோரிடாக் கடலில் என்ன வேலை? அந்தப் பழைய உரிமையாளர் 2001இல் சுட்டுக் கொல்லப்பட்டார்; கொலையில் ஏப்ரமாஃப் மீது குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. மியாமி வழக்கில் 5 ஆண்டு 10 மாதம், வாஷிங்டன் வழக்கில் 4 ஆண்டு. நேக்கு 30 மாதம். ஏறக்குறைய இருபது பேர் தண்டிக்கப்பட்டார்கள் அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான், நே.

படத்தில் நேயும் வருகிறார், அவருடைய தலைமை உதவியாளராக இருந்த நீல் வோல்ஸும் வருகிறார். வோல்ஸின் கதை சின்னதுதான், ஆனால் அதில்தான் உள்யந்திரம் தெரியும். உறுப்பினரின் தலைமை உதவியாளர்தான் உண்மையில் அலுவலகத்தை ஓட்டுபவர். யார் உள்ளே வரலாம், எந்தக் கடிதம் மேலே போகலாம் என்பதெல்லாம் அவர் கையில். அவருக்குச் சம்பளம் சுமார்தான். லாபி நிறுவனத்தில் அதைப்போல் பல மடங்கு. வோல்ஸ் 2002இல் ஏப்ரமாஃபின் குழுவில் சேர்ந்தார். பழைய முதலாளியை ஓராண்டுக்கு அணுகக் கூடாது என்ற விதியை மீறி நேயிடமே லாபி செய்தார். விடுதலையான பிறகு ஏப்ரமாஃப் 2011இல் தொலைக்காட்சியில் இதைப் பற்றி விளக்கினார். அலுவலகத்தில் நமக்கு வேண்டிய ஒரு உதவியாளரிடம், "இங்கே வேலை முடிந்ததும் எங்களிடம் வந்துவிடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றிலிருந்து அந்த அலுவலகமே நம் கையில் என்றார். அந்த உதவியாளர் அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே எதிர்கால முதலாளிக்காக யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். இதில் கைமாறுவது ஒரு காசும் இல்லை. எந்தத் தணிக்கையாளரும் பிடிக்க முடியாது.

படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. கிப்னி வேகத்தை நம்புகிறார். பாட்டு, பழைய படத்துண்டு, அடுத்த ஆள், அடுத்த ஊழல். அங்கோலாக் காட்டிலும் கப்பல் கொலையிலும் சுவாரசியம் இருக்கிறது. ஆனால் அவை ஏப்ரமாஃபை ஒரு அபூர்வ வில்லனாக்கிவிடுகின்றன. அவர் அபூர்வமானவர் என்று நினைத்தால் நாம் நிம்மதியாகிவிடுவோம். அவர் செய்ததில் பத்தில் எட்டு பங்கு அந்த ஊரில் எல்லாரும் செய்தது என்பதைப் படம் கடைசிப் பகுதியில்தான் அழுத்திச் சொல்கிறது. இதை வெளிக்கொண்டுவந்த உழைப்புக்கும் இன்னும் இடம் தந்திருக்கலாம். 2004 பிப்ரவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தியாளர் சூசன் ஷ்மிட் எழுதியதில்தான் இது தேசிய விவகாரமானது. அவரும் இரு சக செய்தியாளர்களும் 2006இல் புலிட்சர் பரிசு பெற்றார்கள். ஜான் மெக்கெய்ன் தலைமையில் செனட் குழு மின்னஞ்சல்களை வெளியிட்டது. அந்தக் குழுவும் பூர்வகுடிகள் ஏமாற்றப்பட்டதைத்தான் விசாரித்தது. பணம் வாங்கிய சக உறுப்பினர்களை விசாரிக்கவில்லை.

பிறகு என்ன மாறியது என்று கேட்பீர்கள். 2007இல் புதுச் சட்டம் வந்தது. லாபியிஸ்ட் பரிசு தரக் கூடாது, உட்கார்ந்து சாப்பிடும் விருந்து வாங்கித் தரக் கூடாது, முன்னாள் செனட்டர் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் நின்றபடி குச்சியில் குத்திச் சாப்பிடும் தின்பண்டம் பரவாயில்லை. அதே மதிய உணவு நன்கொடை திரட்டும் விருந்தானால் உட்கார்ந்தே சாப்பிடலாம், காசோலையும் கொடுக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் லாபிக்கான நேரம் இருபது சதவீதத்துக்குக் குறைவு என்றால் பதிவே செய்ய வேண்டாம். 'ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை 2007க்குப் பிறகு குறைந்தது. பணம் கூடியது, அண்மை ஆண்டுகளில் கணக்குக் காட்டப்படும் லாபிச் செலவு மட்டும் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல்.

எது லஞ்சம் என்ற எல்லைக்கோட்டை நீதிமன்றங்கள் இன்னும் தள்ளிப் போட்டன. படம் வந்த 2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' தீர்ப்பு, கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்தில் சுயேச்சையாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றது. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு தீர்ப்பு, ஏப்ரமாஃபைப் பிடித்த அந்த 'நேர்மையான சேவை' மோசடிச் சட்டத்தையே லஞ்சம், கமிஷன் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2016இல் விர்ஜீனியா ஆளுநராக இருந்த பாப் மெக்டானல் வழக்கு: ஒரு வியாபாரியிடம் ரோலெக்ஸ் வாட்ச் உட்படப் பரிசும் கடனுமாக 1,75,000 டாலருக்கு மேல் பெற்றவர். அதற்காக அதிகாரிகளோடு சந்திப்பு ஏற்பாடு செய்து கொடுப்பது மட்டும் 'அரசுச் செயல்' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லித் தண்டனையை நீக்கியது. 2024இல் இண்டியானாவின் ஒரு முன்னாள் மேயர். லாரி விற்ற கம்பெனிக்கு ஒப்பந்தம் போன பிறகு அதனிடமிருந்து 13,000 டாலர் வாங்கியவர். காரியம் முடிந்த பின் கொடுக்கும் 'நன்றிப் பணம்', மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கான அந்த மத்திய லஞ்சச் சட்டத்தில் வராது என்று 6க்கு 3 தீர்ப்பு. முன்னால் கொடுத்தால் லஞ்சம், பின்னால் கொடுத்தால் இந்தச் சட்டத்தில் இல்லை. இப்படி வாசித்த நீதிபதிகள் அறிவில் குறைந்தவர்களல்லர். அரசியல்வாதி தொகுதிக்காரருக்குச் செய்யும் சாதாரண உதவியெல்லாம் குற்றமாகிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2012 டிசம்பரில் நம் மாநிலங்களவை அமெரிக்காவின் இதே லாபிப் பதிவேட்டால் அமளியில் நின்றது. வால்மார்ட் நிறுவனம் அமெரிக்காவில் தாக்கல் செய்த லாபிக் கணக்கில், 2008இலிருந்து செலவிட்ட 2 கோடியே 50 லட்சம் டாலரில் அடங்கிய விஷயங்களில் ஒன்றாக, இந்தியச் சந்தையில் நுழைவதையும் குறிப்பிட்டிருந்தது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி இங்கே சூடாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கலை வைத்து ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அமெரிக்காவில் எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் அந்தச் செய்தியே நமக்குக் கிடைத்தது. இந்தியாவில் லாபி செய்பவர் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் இல்லை. 2013இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அமெரிக்க செனட்டின் லாபிப் பதிவேடு யாரும் தேடிப் பார்க்கலாம் என்று இணையத்தில் திறந்தே இருக்கிறது. இந்தியா என்ற சொல்லைப் போட்டு, எந்தக் கம்பெனி எந்தக் காலாண்டில் எந்த மசோதாவைப் பற்றி யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று பாருங்கள். படத்தைப் பார்த்த கையோடு அதைச் செய்தால், அதில் வரும் மனிதர்களின் வேலை இன்னும் தெளிவாகப் புரியும்.